உரல்ல நம்பர் இருக்கு, கேட்கத்தான் ஆளில்லை

நம்பரை மாத்திப் பார்க்கறவன் திருடன் இல்லை. யாரு என்னன்னு கேட்காம எடுத்துக் கொடுக்கறவன் மேலதான் தப்பு. இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். ஆணி புடுங்கற அவசரத்துல இருக்கறவங்க இத்தோட கிளம்பலாம் :-) மத்தவங்க உட்காருங்க, கொஞ்சம் நீளமான பதிவு.

உரல்னு நான் சொல்றது யூஆர்எல். பழைய பதிவர்களுக்குப் பழகின வார்த்தை. புதுசா வர்றவங்க நெல்லு குத்தற உரல்னு நினைச்சுக்கப் போறாங்க. உலாவியோட தலைமாட்டுல நீளமா ஓடுதே, அந்த முகவரி. அதுல பல சமயம் ஒரு கேள்விக்குறி வரும். கேள்விக்குறிக்குப் பின்னாடி ஒரு பேர், ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு. "?ஐடி=8" மாதிரி. சர்வர்ல இருக்கற நிரல் அந்த 8-ஐ எடுத்துக்கிட்டுப் போய், தரவுத்தளத்துல எட்டாம் நம்பர் வரிசையைத் தேடி, பக்கத்துல கொட்டிக் கொடுக்கும். நாம எழுதறது ஒரே ஒரு பக்கம். தரவுத்தளத்துல லட்சம் வரிசை இருந்தா அது லட்சம் பக்கமாத் தெரியும். அருமையான ஏற்பாடு. அதைத் திட்ட நான் வரலை.

எங்க ஊர் கணக்குலயே சொல்றேன். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். சுத்தி அஷ்டலிங்கம். இதுக்கு ஒரு தளம் போடணும்னா எட்டு பக்கம் தனித்தனியா எழுதிக்கிட்டு உட்கார வேண்டாம். "லிங்கம்=1"னா இந்திர லிங்கம். 2 அக்னி, 3 எமன், 4 நிருதி, 5 வருணன், 6 வாயு, 7 குபேரன், 8 ஈசான்யம். சோலி முடிஞ்சது. யாரு வேணா நம்பரை மாத்தலாம், மாத்தட்டும். பாதையில நடந்து போறவங்களை எந்த லிங்கத்து வாசல்லயும் நீ யாருன்னு கேட்கறதில்லையே. அறநிலையத்துறை தளத்துல கோவில் பக்கங்களைக்கூட இப்படி உரல்ல ஒரு எண்ணோடதான் திறந்து பார்த்திருக்கேன். அது சரியான வேலை. ஒரு கோவிலோட எண் மாறாம இருந்தா பத்து வருஷம் கழிச்சும் அந்தச் சுட்டி வேலை செய்யும். நல்ல உரல் மாறக்கூடாதுன்னு டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லயே ஒரு கட்டுரை எழுதி வச்சுட்டாரு.

சரி, ஒன்பது கேட்டா? (பாதையில சூரிய லிங்கம், சந்திர லிங்கம்னு இன்னும் உண்டு, ஆனா அஷ்டலிங்கக் கணக்குல சேராது. அதுக்காக சண்டைக்கு வராதீங்க சாமி.) "அப்படி ஒண்ணு இல்லை"ன்னு மரியாதையாச் சொல்லி 404 அனுப்பணும். நம்மாளுங்க தளம் என்ன பண்ணுது? டேபிள் பேர், எந்த ஃபோல்டர்ல எந்த ஃபைல், எத்தனையாவது வரி, எல்லாத்தையும் சிவப்பு எழுத்துல ஒப்பிக்குது. எண்ணுக்குப் பதிலா யாராவது ஒரு மேற்கோள் குறியைப் போட்டு, பின்னாடி நாலு வார்த்தை எஸ்க்யூஎல் சேர்த்துட்டா அதையும் பயபக்தியோட கொண்டுபோய்த் தரவுத்தளத்துகிட்ட ஓட்டுது. எஸ்க்யூஎல் இஞ்செக்‌ஷன்ங்கற இந்த நோயைப் பத்தி ஃப்ராக் இதழ்ல முதல்ல எழுதினது 1998 டிசம்பர்ல. அன்னிக்குப் பிறந்த குழந்தை இன்னிக்கு வேலைக்குப் போய், அதே ஓட்டையைப் புதுசா எழுதிக்கிட்டு இருக்கு. இதுக்கு மருந்து எப்பவோ வந்தாச்சு. பிஎச்பியில பிடிஓ 2005-லயே வந்தது. கேள்வியை முதல்ல தயார் பண்ணி வச்சு, மதிப்பைத் தனியா அனுப்பற முறை. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது.

என் கோவம் அடுத்த ஓட்டை மேல. அதுக்கு எஸ்க்யூஎல்லும் தெரிய வேண்டாம், ஒரு மண்ணும் தெரிய வேண்டாம். எண்ணத் தெரிஞ்சாப் போதும்.

தரவுத்தளத்துல இருக்கற வரிசை லிங்கமா இல்லாம ஒரு மனுஷனா இருந்தா?

கோவிலுக்கு வெளியே செருப்பு விடற கடையில என்ன நடக்குதுன்னு பாருங்க. செருப்பை வாங்கி வச்சுக்கிட்டு ஒரு டோக்கன் கொடுப்பாங்க. உங்களுது 47-ன்னு வச்சுக்குவோம். தரிசனம் முடிச்சுட்டு வெறுங்கையோட போய் "அக்கா, 48 எடுங்க"ன்னு கேட்டுப் பாருங்க. "டோக்கன் எங்க?"ம்பாங்க. தொலைஞ்சு போச்சுன்னு சொன்னா, என்ன செருப்பு, வாரு என்ன கலருன்னு நாலு கேள்வி. அதுலயும் திருப்தி இல்லைன்னா கூட்டம் கலையட்டும், அப்படி ஓரமா உட்காருன்னுடுவாங்க. ரப்பர் செருப்புக்கு இந்தக் காவல்! நம்பர் எந்தச் செருப்புன்னு காட்டும், யாரோட செருப்புன்னு காட்டாதுங்கறது அந்த அக்காவுக்குத் தெரியுது. நாலு வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சுட்டு வந்து தளம் கட்டறவருக்குத் தெரியலை. 48 கேட்டா 48, 49 கேட்டா 49. ராத்திரி பூரா ஒருத்தன் நின்னு ஒண்ணுலேர்ந்து பத்தாயிரம் வரைக்கும் கேட்டாலும் சளைக்காம எடுத்துப் போடுவாரு.

நடந்த கதை ஒண்ணு. கார்த்திகை தீபத்துக்குச் சொந்தக்காரங்க வர்றதா இருந்தாங்க. வீட்டுல இடம் பத்தாதுன்னு ஒரு விடுதியில அறை போட்டாங்க. எந்த விடுதின்னு சொல்ல மாட்டேன். பணம் கட்டினதும் வாட்ஸப்புல ஒரு சுட்டி வந்தது, ரசீது பார்க்க. மாமா அதைப் பிரிண்ட் எடுக்கணும்னு, போனைப் பார்த்துப் பார்த்து லேப்டாப்புல அடிச்சாரு, கண்ணாடி போடாம. கடைசி எண் 7. அவரு கண்ணுக்கு 1.

திறந்தா யாரோ ஒரு அம்மா. பேரு, வீட்டு முகவரி, மொபைல் நம்பர், வர்ற தேதி, கிளம்பற தேதி, அறை எண். கூட வர்றவங்க எத்தனை பேர்ங்கற இடத்துல பூஜ்யம். கீழே ஆதார் அட்டை, முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் படமா.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தீபத்துக்கு லட்சக்கணக்குல ஜனம் கூடற ஊர். தனியா வர்ற ஒரு அம்மா எந்த அறையில, எந்த ராத்திரி தங்கறாங்கன்னு, உரல்ல ஒரு எண்ணைத் தப்பா அடிச்சவனுக்கெல்லாம் தெரியுது. வேணும்னே அடிக்கறவனுக்கும் தெரியும். அவங்க ஊருக்குத் திரும்பற தேதி வரைக்கும் அங்க வீடு பூட்டிக்கிடக்குங்கறதும் அதே பக்கத்துலயே இருக்கு. ஆதார் நகல் கொடுக்கறது இந்த ஊருக்கு வர்றவங்களுக்குச் சாதாரணம் ஆயிடுச்சு. 2022-ல தீப தரிசனக் கட்டணச் சீட்டை ஆன்லைன்ல வித்தப்பகூட ஆதார் எண் கேட்டாங்க. அந்தத் தளத்துல ஓட்டைன்னு நான் சொல்லலை, தெளிவாக் கேட்டுக்கங்க. ஜனங்க எவ்வளவு நம்பி எடுத்து நீட்டறாங்கன்னு சொல்றேன்.

விடுதிக்காரர்கிட்ட போய்ச் சொன்னேன். அவரு கேட்ட முதல் கேள்வி: "தம்பி, நீங்க ஹேக் பண்ணிட்டீங்களா?" தளம் கட்டின பையன் நம்பரைக் கொடுத்தாரு. அவன்கிட்ட பேசினேன். "சார், யாரு சார் உட்கார்ந்து நம்பரை மாத்திப் பார்க்கப் போறா?"

"எங்க மாமா மாத்தினாருப்பா. அதுவும் கண்ணாடி போடாம."

மூணு நாள் கழிச்சு "ஃபிக்ஸ் பண்ணிட்டேன் சார்"னு செய்தி அனுப்பினான். போய்ப் பார்த்தா நம்பர் இருந்த இடத்துல புரியாத எழுத்து, வாலுல சமக்குறி. பேஸ்64! மக்களே, பேஸ்64 பூட்டு கிடையாது, வேற லிபியில எழுதறது. தமிழைக் கிரந்தத்துல எழுதினா அது ரகசியம் ஆயிடுமா? படிக்கத் தெரிஞ்சவனுக்கு அது தமிழ்தான். இதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, இணையத்துலயே இலவசமா மாத்திக் கொடுக்கறாங்க. இன்னும் ரெண்டு தடவை மல்லுக்கட்டினப்புறம் அந்தப் பக்கத்தையே தூக்கிட்டாங்க. இப்ப ரசீது படமா வாட்ஸப்புலயே வருது. அந்த மட்டும் சந்தோஷம்.

விடுதி சின்ன ஆளு, விடுங்க. பெரிய இடத்துக்கு வர்றேன். ஹேக் பண்ணிட்டியாங்கற அதே கேள்வியை அங்கயும் கேட்டிருக்காங்க.

மத்திய அரசோட தேசிய சமூக உதவித் திட்டம் 1995-ல தொடங்கினது. வயசானவங்க, விதவைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு மாசாமாசம் உதவித்தொகை. நம்ம பக்கம் "முதியோர் பணம்"னு சொல்றதுல ஒரு பங்கு இது வழியாத்தான் வருது. நம்ம மாநிலத்துல அது 1,000 ரூபாயா இருந்து 2023-ல 1,200 ஆச்சு. இந்தத் திட்டத்தோட தளத்தைப் பத்தி, பெங்களூரு 'சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி' 2017 மே மாசம் ஒரு அறிக்கை விட்டாங்க. எழுதினது அம்பர் சின்ஹாவும் ஸ்ரீனிவாஸ் கொடாலியும். தளத்துல விவரங்களைப் பாதி மறைச்சுக் காட்டியிருந்தாங்க. முழுசாப் பார்க்கணும்னா கடவுச்சொல் வேணும்னு ஏற்பாடு. ஆனா உரல்ல இருந்த ஒரு அளபுருவுல "நோலாகின்"னு ஒரு வார்த்தை. அதை "லாகின்"னு மாத்தினா, கடவுச்சொல்லே இல்லாம முழு விவரமும் திறந்துக்கிச்சு.

திரும்பப் படிங்க. கடவுச்சொல்லை யாரும் உடைக்கலை. ஒரு வார்த்தையோட முன்னாடி ரெண்டு எழுத்தை எடுத்தாங்க. வீட்டு வாசல்ல "நான் வெளியாள்"னு எழுதின அட்டையை நம்ம கையிலயே கொடுத்து, "உள்ளாள்"னு திருத்தி எழுதிக்கிட்டு வந்தா உள்ள விடற காவல்காரன்!

அந்த அறிக்கை இதையும் சேர்த்து மொத்தம் நாலு அரசுத் தளங்களை ஆராய்ஞ்சது. நாலுலயும் சேர்த்து வெளியில தெரிஞ்ச ஆதார் எண்கள் 13 கோடிலேர்ந்து 13.5 கோடி வரைக்கும், வங்கிக் கணக்கு எண்கள் சுமார் 10 கோடி இருக்கும்னு கணிச்சாங்க. எல்லாமே உரல் மாத்தி எடுத்தது இல்லை. சிலது மாத்தவே வேண்டாம், அப்படியே திறந்து கிடந்தது. ஆதார் எண்ணைப் பொதுவுல போடக்கூடாதுன்னு 2016 ஆதார் சட்டத்தோட 29-வது பிரிவே சொல்லுது. அதை மீறினவங்க யாரு? பொட்டியைத் திறந்து வச்ச துறைகள். கடுதாசி யாருக்குப் போச்சு? திறந்து கிடக்குன்னு சொன்னவங்களுக்கு! கடவுச்சொல் போட்டுப் போக வேண்டிய விவரம் உங்களுக்குக் கிடைச்சிருக்குன்னா அது ஹேக்கிங்காத்தான் இருக்கணும், விவரம் சொல்லுங்கன்னு ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்துக்கு எழுதினதா அதே மாசம் பத்திரிகைகள்ல வந்தது. நம்ம விடுதிக்காரர் கேட்ட கேள்வியேதான், லெட்டர்ஹெட்ல.

இது நம்ம நாட்டு வியாதி மட்டும் இல்லை. கனடாவுல நோவா ஸ்கோஷியா மாநிலத்துல தகவல் உரிமை ஆவணங்களை ஒரு தளத்துல வச்சிருந்தாங்க, உரல் கடைசியில வரிசையா எண். 19 வயசுப் பையன் ஒருத்தன் அந்த எண்ணை ஒண்ணு ஒண்ணாக் கூட்டி சுமார் 7,000 ஆவணத்தை இறக்கினான். அதுல சுமார் 250 வெளிய வரக்கூடாத தனிப்பட்ட விவரம். 2018 ஏப்ரல்ல போலீஸ் படை வீட்டுக்குள்ள புகுந்து கைது பண்ணாங்க. அடுத்த மாசமே வழக்கு நிக்காதுன்னு விட்டுட்டாங்க. அமெரிக்காவுல ஃபர்ஸ்ட் அமெரிக்கன்னு சொத்து உரிமைக் காப்பீடு பண்ற பெரிய நிறுவனம். 2019-ல பிரையன் கிரெப்ஸ் அம்பலப்படுத்தினாரு. உரல்ல எண்ணை மாத்தினா அடுத்தவங்க வீட்டுக் கடன் காகிதம், வங்கி விவரம் எல்லாம் தெரிஞ்சது. 88.5 கோடி பதிவுகள், 2003 வரைக்கும் பின்னாடி போச்சு. அவங்க வீட்டுக்குள்ள எந்தப் படையும் புகலை. 2021-ல பங்குச் சந்தை ஆணையம் போட்ட அபராதம் அஞ்சு லட்சம் டாலருக்கும் கம்மி.

உடனே பின்னூட்டத்துல ஒருத்தர் வருவாரு: "எங்க தளத்துல லாகின் இருக்கு பாஸ், கவலை இல்லை." இருக்கட்டுமே. 2011-ல சிட்டி வங்கி விவகாரம் தெரியுமா? ஒழுங்கா உள்ள நுழைஞ்ச ஒருத்தர், உரல்ல இருந்த கணக்கு எண்ணை மாத்தினா அடுத்தவர் கணக்கு வந்து நின்னது. 3.6 லட்சம் கடன் அட்டைக் கணக்குகள். லாகின்ங்கறது நீ யாருன்னு கேட்கறது. இது உன்னுதான்னு கேட்கறது வேற கேள்வி. கோவிலுக்குள்ள டிக்கெட் வாங்கிட்டுத்தான் வந்தேன்னு சொன்னா செருப்புக் கடையில 48-ஐக் கொடுத்துடுவாங்களா?

இன்னொருத்தர், "வரிசை எண் போடாம யூயூஐடி போட்டா யாரும் ஊகிக்க முடியாதே"ம்பாரு. உண்மை, ஊகிக்க முடியாது. செய்ங்க, நல்லதுதான். ஆனா உரல் ஊகத்துல மட்டுமா வெளிய போகுது? குடும்பக் குழுவுல ஃபார்வர்ட் ஆகுது, பிரௌசிங் சென்டர் கம்ப்யூட்டரோட வரலாறுல தங்குது, சர்வர் லாகுலயும் ஏறுது. அதனால யூயூஐடி போட்டாலும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டே ஆகணும். கெட்டுக்குப் பதிலா போஸ்ட் போட்டு மறைச்சுட்டேன்னு சொல்றவர்கிட்ட நான் பேசறதா இல்லை :-( 

(கெட்னதும் ஞாபகம் வருது. பார்க்கறதுக்கு மட்டுமே கெட், அழிக்கறதுக்கு இல்லைன்னு எச்டிடிபி தரத்துல எழுதியே வச்சிருக்கு. அதை மதிக்காம "அழி" பொத்தானை வெறும் சுட்டியா வச்சிருந்தாங்க பல பேர். 2005-ல கூகுள் வெப் ஆக்ஸிலரேட்டர்னு ஒண்ணு வந்து, பக்கத்துல இருந்த சுட்டியெல்லாம் முன்கூட்டியே திறந்து வச்சது. ஜனங்க சேர்த்து வச்சதெல்லாம் தானா அழிஞ்சது. அப்பவும் திட்டு வாங்கினது கூகுள்தான்.)

இப்ப நம்ம வீட்டுக் கதை. தமிழ்ல நிரலாக்கம் சொல்லித்தர்ற பதிவு, வீடியோ எதை வேணா எடுங்க. "உரல்ல ஐடி அனுப்பி ரெக்கார்டைக் காட்டுவது எப்படி"ங்கற பாடம் கண்டிப்பா இருக்கும். பத்து வரி. ஐடியை எடு, எஸ்க்யூஎல் வாக்கியத்துல அப்படியே ஒட்டு, ஓட்டு, காட்டு. "பாதுகாப்பை அடுத்த பாடத்துல பார்ப்போம் நண்பர்களே." அந்த அடுத்த பாடம் வந்து நான் பார்த்ததில்லை. உதாரணம் என்ன தெரியுமா? மாணவர் மதிப்பெண், நோயாளி விவரம், ஊழியர் சம்பளம்! உலகத்துல எதையெல்லாம் கேட்காம காட்டக்கூடாதோ அதையெல்லாம் தேடிப் பிடிச்சு உதாரணமா வைக்கறாங்க. அஷ்டலிங்கம்னு வையுங்களேன் சாமி, யார் கேட்டாங்க! இன்னும் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை வச்சே பாடம் நடத்தற தளங்களும் இருக்கு. 2015 டிசம்பர்ல வந்த பிஎச்பி 7-லயே அதெல்லாம் தூக்கியாச்சு. அந்த நிரல் ஓடக்கூட ஓடாது.

விடுதிக்குத் தளம் கட்டின பையன் இப்படி ஒரு பாடத்துலதான் கத்துக்கிட்டிருப்பான். அவனைத் திட்டி என்ன பண்ண? பத்து வரி பாடம் எழுதறவர் பதினோராவது வரியையும் எழுதணும். அது என்ன பெரிய வித்தையா? "ஐடி 10437 இருக்கற வரிசையைக் கொடு"ன்னு தரவுத்தளத்துகிட்ட கேட்கறோம் இல்லையா, அங்க "அதோட உரிமையாளர், இப்ப உள்ள நுழைஞ்சிருக்கற ஆளா இருந்தா மட்டும்"னு ஒரு நிபந்தனை. உள்ள நுழைஞ்ச ஆள் யாருங்கறதை செஷன்லேர்ந்து எடுக்கணும், உரல்லேர்ந்து இல்லை. உரல்ல வர்றது எல்லாமே வெளியாள் பேச்சு. அதை எடுத்துக்கலாம், நம்பக்கூடாது. வரிசை கிடைக்கலைன்னா 404. லாகினே இல்லாத ரசீதுன்னா மொபைலுக்கு ஒரு ஓடிபி. ஒண்ணுமே முடியலைன்னா ஆதார் படத்தையாவது அந்தப் பக்கத்துல போடாதீங்க. நம்ம பொதுத்தேர்வு முடிவுப் பக்கம்கூட பதிவெண்ணோட பிறந்த தேதியையும் கேட்குது. பலமான கேள்வி இல்லைதான், ஆனா ஏதோ ஒண்ணு கேட்குதே.

பாடம் சிக்கலாயிடும், புதுசா வர்றவங்க பயந்துடுவாங்கன்னு சொல்றாங்க. ஓட்டுநர் பயிற்சியில பிரேக்கை அடுத்த வகுப்புக்கு வைப்பீங்களா?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன், நம்ம பதிவர்கள்ல ஆர்வக்கோளாறுகள் அதிகம். இந்தப் பதிவைப் படிச்சுட்டு ஊர்ல இருக்கற உரலையெல்லாம் மாத்திப் பார்க்கக் கிளம்பிடாதீங்க. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-ம் 66-ம், அனுமதி இல்லாம நுழையறதைக் குற்றம்னு சொல்லுது. மூணு வருஷம் வரைக்கும் சிறை. நல்லெண்ணத்துல சொன்னேங்கறவனுக்குன்னு அதுல தனிப் பாதுகாப்பு எழுதலை. 2023-ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. தரவை வச்சிருக்கறவன் நியாயமான பாதுகாப்பு செய்யலைன்னா 250 கோடி வரைக்கும் அபராதம் போடலாம். அதுக்கான விதிகள் வரவே 2025 நவம்பர் ஆயிடுச்சு.

தற்செயலா ஒரு ஓட்டை கண்ணுல பட்டா அடுத்த எண்ணை முயற்சி பண்ணாதீங்க, எதையும் இறக்கி வைக்காதீங்க. தள உரிமையாளருக்கு எழுதுங்க, சத்தம் இல்லைன்னா செர்ட்-இன் அமைப்புக்கு எழுதுங்க. அதுக்குன்னே அரசு வச்சிருக்கற அமைப்பு அது. உங்க பாடங்கள்ல பதினோராவது வரி ஏற்கனவே இருந்தா பின்னூட்டத்துல சுட்டி கொடுங்க, இந்தப் பதிவுலயே மேலே சேர்த்துடறேன். ஓட்டை இருக்கற தளத்தோட உரலை மட்டும் பின்னூட்டத்துல ஒட்டாதீங்க, வெளியிட மாட்டேன்.